அறுபதாவது பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். புது வீட்டில் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடி வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பாட நேரம் போய்விடுகிறது.

இத்துடன் உன் மகளின் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. "சொந்த அக்கா தலைமையாசிரியையா இருந்தும் ரெண்டு மாசம் இழுத்தடிச்சா, நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்று போனில் கத்தினாய். நியாயம்தான். குமாஸ்தா லீவு, முத்திரையைக் காணோம் என்று நான் சொன்னதெல்லாம் பொய். முத்திரை என் மேசை டிராயரில்தான் இருந்தது.

அறுபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். உன் மகளையும் சேர்த்தால்தான் அறுபது. வெள்ளிக்கிழமை அதிகாரி பதிவேட்டைப் பார்க்க வருகிறார். அதுவரை அவள் பெயரை அடிக்காமல் வைத்திருக்கப் பார்த்தேன். புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகவும் ஏறி இறங்கினேன். என்னிடமே படித்த தையல்காரன், "கோவிச்சுக்காதீங்க டீச்சர், பிரைவேட் ஸ்கூல் பஸ் வாசலுக்கே வருது" என்றான். கால் கடுத்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் இந்த வருஷம் கணக்கில் பாதிக்கு மேல் தேறியிருக்கிறார்கள். போன வருஷம் கால்வாசிகூட இல்லை. பின்னம் சொல்லிக்கொடுத்தே கணக்கு வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

அவள் படித்த ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லாததால் நான்தான் பெயர் கூப்பிடுகிறேன். உன் மகள் பெயரைத் தாண்டிப் போய்விடுவேன். நேற்றுப் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டேன். அவளுடைய சிநேகிதி எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தா சொல்றதுக்குப் பழகிட்டிருக்கோம் டீச்சர். இதை மூடிட்டா எங்க வீட்ல என்னை ரோடு தாண்டி அனுப்ப மாட்டாங்க. படிச்சது போதும்னுடுவாங்க" என்றாள்.

நான் மறைத்ததெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முப்பது வருஷம் குப்பை கொட்டி, கடைசியில் இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது தம்பி. நேற்று மத்தியானமே சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். சாக்பீஸ் வாங்க வந்த அந்தச் சிநேகிதி பார்த்துக்கொண்டே நின்றாள். சாக்பீஸ் வாங்காமலே திரும்பிப் போனாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை. அவள் அம்மாவைப் பார்க்க நாளைக்குப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வாய்?

பெயர் கூப்பிட்டால் உன் மகள் வாய்க்குள்ளேயே முனகுவாள். புதுப் பள்ளியில் எழுந்து நின்று, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொல்லச் சொல். அங்கே அவளுக்காகச் சொல்ல யாரும் இல்லை. குழந்தை நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா