பெட்டி மட்டும் கிளம்பிவிட்டது

20 டிசம்பர் 2021, திங்கள்

வந்துவிட்டது! மெயில் வந்தேவிட்டது! ஜனவரி ஐந்து, புதன்கிழமை, ஆபீஸ் திறக்கிறார்கள். எல்லாரும் நேரில் வர வேண்டுமாம்.

நான் வேலையில் சேர்ந்ததே ஊரடங்கில்தான். காரைக்குடியில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தே ஒன்றரை வருஷம் ஓட்டியாயிற்று. சென்னை ஆபீஸ் வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. டீம் லீடர் கார்த்திகேய சிவத்துக்குக் கால் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. மார்புவரைதான் பார்த்திருக்கிறேன்.

கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைக்குக் கெளம்பணும்?"

"செவ்வாய்க்கிழமைம்மா."

"செவ்வா, புதன் வடக்க சூலம்டி."

சென்னை வடக்கே இருப்பது என் குற்றமா?

30 டிசம்பர், வியாழன்

அம்மாவே வழி கண்டுபிடித்துவிட்டாள். பரஸ்தானம்! கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நாளில் பெட்டியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே நான் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. காலையில் என் பெட்டி வடக்குப் பக்கத்து வீட்டுக்கு, அஜீஸா அத்தை வீட்டுக்கு, பயணம் போனது.

"பெட்டிய அனுப்பிட்டுப் புள்ளைய இங்கனயே வச்சுக்கப் போறியாக்கும்?" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருக்கீகளா?" என்றாள் அம்மா. முகம் சிவந்துவிட்டது.

3 ஜனவரி 2022

ஒத்திவைத்துவிட்டார்கள். ஒமிக்ரானாம். தேதி பிறகு சொல்வார்களாம். நாசமாப் போக!

"ரொம்ப வருத்தமா இருக்குடி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, விசேஷத்துக்குச் சுடுகிற இனிப்பு, கந்தரப்பம் சுட்டாள். வருத்தத்தில் யாராவது கந்தரப்பம் சுடுவார்களா?

12 ஜனவரி

பெட்டியைத் திரும்ப எடுத்துவந்தால், அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "வெளியேறுன பெட்டி திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாதுடி. அப்பறம் பயணமே அமையாது."

என் நல்ல சுடிதார் அத்தனையும் அதற்குள். இனி ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்கு ஓடி உடை மாற்றிவர வேண்டும். அத்தைக்கு ஒரே கொண்டாட்டம். "பெட்டி இங்க குடியிருக்கு. நீ அங்குட்டு வாடகைக்கு இருக்கியாத்தா?"

24 ஜனவரி

அஜீஸா அத்தைக்குப் பாசிட்டிவ். பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலும் தொண்டைவலியும்தான். ஆனால் கதவில் நகராட்சி ஸ்டிக்கர், உள்ளே யாரும் போகக் கூடாது. ஆக, என் பெட்டியும் தனிமைப்படுத்தப்பட்டுவிட்டது!

இன்று பார்த்து வாடிக்கையாளர் மீட்டிங். வேறு வழியில்லாமல் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "நைஸ் ஷர்ட், மீனலோசனி" என்றார் கார்த்திகேய சிவம். சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவை அணைத்துவிட்டேன்.

அம்மா மதில்மேல் ரசத்தை வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "அஜீஸா! பெட்டி நல்லா இருக்கா?"

"பெட்டிக்கு ஒண்ணுமில்லத்தா. காச்சல் எனக்குத்தான்!"

14 பிப்ரவரி

அத்தை தேறி வெளியே வந்துவிட்டாள். மார்ச் ஏழாம் தேதி ஆபீஸ்! மாடியில் தனியாக ஆடினேன். பக்கத்து மாடியிலிருந்து அத்தை கைதட்டினாள்.

25 பிப்ரவரி, வெள்ளி

கார்த்திகேய சிவம் போன் செய்தார். சொந்த ஊரில் இருப்பவர்கள் விரும்பினால் அங்கிருந்தே வேலையைத் தொடரலாமாம். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டுமாம். பாழாய்ப்போன ஸ்பீக்கர்! அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டாள்.

"சம்பளம் அதேதானாம்ல?"

"ஆமா."

"அப்பறம் ஏன்டி போகணும்?"

என்ன சொல்ல? எனக்குப் போகணும். அவ்வளவுதான். கேண்டீன் டீ கேவலமா இருக்குன்னு நாலு பேரோட நின்னு நானும் திட்டணும். "எனக்கு ஆசையா இருக்கும்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா மறுபடி முறத்தை எடுத்தாள். மாடிக்கு வந்து, 'நேரில் வருகிறேன்' என்று அனுப்பினேன். அனுப்பியது தப்போ? இவளை விட்டுட்டு எப்படி இருக்கப் போறேன்?

சாயங்காலம் அம்மாவைக் காணோம். தேடிப் போனால் அத்தை வீட்டில், என் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"தெனமும் வாராத்தா ஒங்கம்மா" என்றாள் அத்தை. "ஒண்ணொண்ணா உள்ள வச்சுட்டுப் போறா."

அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அடியில ஊறுகாய் இருக்கு. சாய்ச்சுத் தூக்காத."

7 மார்ச், சென்னை

கார்த்திகேய சிவத்துக்குக் கால் இருக்கிறது! ஆனால் என் தோளுக்குத்தான் வருகிறார். கேண்டீன் டீ வெறும் கழுநீர். நாலு பேரோடு நின்று மனதாரத் திட்டிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். ஜன்னல் பக்கத்து மேஜை எனக்கு!

ஹாஸ்டலுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சுடிதார் எல்லாம் ஊறுகாய் வாசம். சாய்த்துத்தான் தூக்கியிருக்கிறேன் போல. சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

போன் அடித்தது. அம்மா. திருச்சியைத் தாண்டாத என் அம்மா.

"இன்னைக்கு நாள் நல்லா இருந்துச்சுடி. என் பெட்டியை அஜீஸா வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டேன்."

"அம்மா! எப்பம்மா வர்ற?"

"தேதியெல்லாம் பெறகு பாத்துக்கலாம். பெட்டி கெளம்பிருச்சுல்ல."