எங்கள் அம்மா காரைக்கால்

உழவர்கரை, புதுச்சேரி
11-8-1982

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

தங்கை ஸ்டெல்லாமேரி எழுதுவது. பிரான்சிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. மூலை நசுங்காமல், கயிறு அவிழாமல் அப்படியே வந்திருக்கிறது. அண்ணி பின்னிய ஸ்வெட்டரை இந்த ஊர் வெயிலில் எங்கே போட்டுக்கொள்வது என்று ஆனந்தியின் அப்பா சிரிக்கிறார். ஆனாலும் மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார், யாருக்கும் தரமாட்டாராம். மில்லில் மறுபடியும் கதவடைப்பு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

புத்தகங்களைப் பார்த்த ஆனந்திக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் வகுப்புப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படிக்கிறாள். தேநீர்க் கோப்பையில் புழுக்கூடு விழுந்து, அதிலிருந்து பட்டு நூல் இழுத்த ராணி. பெரிய வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு அனுப்பியவன். கடலில் மூழ்கிப்போன பெண் குருவியாகி, அந்தக் கடலையே தூர்க்கக் கல் சுமக்கிற கதை. சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். இனி அனுப்புவதானால் பிரெஞ்சு இலக்கணம், கணக்கு என்று பாடத்துக்கு உதவுகிற மாதிரி அனுப்புங்கள். பழங்காலச் சீனாக்காரர்கள் கதை நமக்கு எதற்கு? அவள் கண்ணையும் கன்னத்தையும் வைத்துத் தெருவில் ஏற்கெனவே ஒருத்தர் இரண்டு பேர் ஏதோ பேசுகிறார்கள். நான் எதற்காகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மாதா திருநாள் வருகிறது. உங்கள் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

உங்கள் தங்கை,
ஸ்டெல்லாமேரி


உழவர்கரை, புதுச்சேரி
26-10-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

ஆனந்தியின் பள்ளிக்கூடத்தில் இந்த மாதம் கண்காட்சி வைத்தார்கள். பழைய நாகரிகங்கள் என்று தலைப்பு. எகிப்து, கிரேக்கம் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, சீனாவை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று இவள் கை தூக்கினாளாம். என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

சங்கராபரணி ஆற்றங்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து, ஒரு பலகை நிறைய ஆறும் வாய்க்காலும் செய்திருந்தாள். பக்கத்தில் நீங்கள் அனுப்பிய புத்தகத்தைத் திறந்து வைத்து, படத்தைக் காட்டிக் கதை சொன்னாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். வெள்ளம் ஊருக்குள் வரும். அப்புறம் விரலால் ஒரு கரையை உடைத்து விடுவாள், தண்ணீர் எல்லாம் வளைந்து ஓடிக் கடல் பக்கம் போய்விடும். "அணை கட்டித் தடுத்தவங்க தோத்துட்டாங்க. இவரு தண்ணிக்கு வழி விட்டாரு, அதான் ஜெயிச்சாரு" என்று அவள் சொல்லும்போது, எகிப்து மேசையில் நின்ற கூட்டமும் இங்கே வந்துவிட்டது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, அண்ணா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பெற்றோர் சங்கத் தலைவி வந்தார். ஊரில் பெரிய டாக்டரின் மனைவி. ஆனந்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீனாவுக்கு ஏத்த மூஞ்சியாப் பாத்துத்தான் நிக்க வச்சாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஆனந்தி கோபப்படவில்லை. தலையை நிமிர்த்தி, "எங்க ஆயா சீனாதாங்க. எங்க அம்மாவோட அம்மா. சைகோன் பக்கத்துல சோலோன்ல பொறந்தாங்க" என்றாள்.

போன வருஷம் வக்கான்ஸ் விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது, நோணாங்குப்பத்தில் படகுச் சவாரிக்கு அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனீர்களே, அங்கேதான் இதைச் சொன்னீர்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரு வருஷமாக அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "அப்பிடியா? நீங்க சொன்னதே இல்லியே!" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஐயோ, இல்லீங்க. கதப் புத்தகத்தப் படிச்சுப் படிச்சு எதையாவது உளறுது. எங்க அம்மா காரைக்கால்" என்று சொன்னேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்க நேரமே எடுக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. நாம் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவைச் சைகோனிலேயே புதைத்துவிட்டு வந்ததால் இங்கே யாரும் அவரைப் பார்த்ததில்லை. அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்ததும், இனி யார் கேட்டாலும் காரைக்கால் என்று சொல் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். அப்போது நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டீர்கள், உங்களுக்கு அந்தப் பாடம் இல்லை. அப்பா பயந்து சொன்னார். என் பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சண்டை முடிந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் வாயில் அந்த ஊர்ப் பெயர் தயாராக இருந்தது.

ஆனந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யார் இந்தப் பொம்பளை என்பதுபோலப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீரைத் திறந்துவிட மறந்துபோனாள். அது பலகையைத் தாண்டி, மேசை விரிப்பெல்லாம் நனைந்து, தரையில் சொட்டியது.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாமா எங்கிட்டப் பொய் சொன்னாரா?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதப் பத்தி இப்ப என்ன பேச்சு" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. புத்தகங்களை எடுத்துப் பழைய துணிப்பையில் கட்டி, பரண்மேல் போட்டுவிட்டாள்.

நாலைந்து நாள் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். போன வியாழக்கிழமை மாவு அரைக்க வந்த இடத்தில் அந்தப் பெண் சொன்னது இது: "ஆன்ட்டி, இன்னைக்கு ஆனந்திய ஜெயம் டீச்சர் எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. விருந்தாளிங்க முன்னாடி எதுக்குப் பொய் சொன்னன்னு கேட்டாங்க. எல்லாப் பொண்ணுங்களும் புளுகிணின்னுதான் கூப்புடுறாளுங்க, நான் மட்டும் இல்ல. அவ அழவே இல்ல ஆன்ட்டி. ஆமா டீச்சர், நான் பொய்தான் சொன்னேன், எங்க ஆயா காரைக்கால்னுட்டா. ஏன் அப்பிடிச் சொன்னன்னு கேட்டதுக்கு, கதை நல்லா இருந்துச்சு டீச்சர், அதான்னு சொன்னா."

அண்ணா, என்னைப் பொய்க்காரி ஆக்காமல் இருப்பதற்காக என் மகள் தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டாள். பதின்மூன்று வயது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குக் கை எழவில்லை.

அவள் அப்பா மில்லிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடமும் காரைக்கால் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒன் ட்ரங்குப் பொட்டியில துணிக்கு அடியில ஒரு போட்டோ வச்சிருக்கியே, அதப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். நீயா சொல்லுவன்னு விட்டுட்டேன்" என்றார். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லாட்டிப் போவுது. புள்ளயப் போயி அப்பிடி நிக்க வச்சிட்டியே" என்றார். அவர் அதட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். இவர்கள் இரண்டு பேருமே எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை மதர் நல்லவர்தான். "முடிஞ்சு போன விஷயம், எதுக்கும்மா கிளறணும்? டீச்சர்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றார். அப்படியே வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் ஆனந்தியை நிற்க வைத்தது வகுப்பில், மதர் அறையில் இல்லை. பிள்ளைகள் முன்னால் நானே சொல்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டேன். கடைசியில் சம்மதித்து, அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனந்தி ஜன்னல் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்துகொண்டாள். "எங்க அம்மா சீனாக்காரங்க. ஆனந்தி சொன்னது நெசம். பொய் சொன்னது நான்தான்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்துப் போனது. ஜெயம் டீச்சர் முகம் சிவந்துபோய்ச் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். நான் கிளம்பத் திரும்பியபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "ஒங்களுக்குச் சீன பாஷை தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து வந்ததோ, "சிக் ஃபான்" என்றேன். அம்மா நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, அது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் குருவிக் கதை புத்தகத்தில் இருக்கிறது அல்லவா, அதை அம்மா நமக்குச் சொல்லியிருக்கிறார். அரிசியில் கல் பொறுக்கும்போது எந்தக் கல்லையும் எறிய மாட்டார். ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்து, குருவிக்கு, குருவிக்கு என்பார். அவர் தமிழில் தெளிவாகச் சொன்ன சொற்கள் கொஞ்சம்தான், அதில் அது ஒன்று. பிள்ளைகளிடம் இதையும் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. மதர் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார்.

சாயங்காலம் ஆனந்தி வந்தாள். ஜெயம் டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தாராம். நான் காபி ஆற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "அந்தக் கல்லுக் கதைய ஏம்மா எங்கிட்ட மொதல்ல சொல்லல? கிளாஸ் முழுக்கச் சொன்ன, எங்கிட்டச் சொல்லல" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். கண்காட்சியில் அழவில்லை, டீச்சர் நிற்க வைத்தபோதும் அழவில்லை. கட்டிப் பிடித்துக்கொள்ளப் போனேன். கையை விலக்கிவிட்டாள். அவள் அப்பா வந்து பரண்மேல் இருந்த பையை இறக்கிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள், என்னிடமிருந்து வாங்கியிருக்க மாட்டாள். இப்போது மறுபடியும் படிக்கிறாள். என்னிடம் பேசுகிறாள், சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் என்று அளவோடு. பழையபடி இல்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆயாவுக்கும் ஒன்று பக்கத்தில் ஏற்றலாம் என்றாள் ஆனந்தி. சரி என்றேன். "ஆயா பேரு என்ன?" என்று கேட்டாள். மரி என்றேன். அது கோயிலில் வைத்த பெயர்தானே, அவங்க வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. முப்பத்தேழு வயதில், பெற்ற தாயின் பெயர் தெரியாமல் என் மகள் முன்னால் நின்றேன். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சோலோனில் அம்மாவின் தங்கை வீட்டுக்கு உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போவார். அங்கே அவரை ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். நினைவு இருந்தால் தமிழ் எழுத்தில், வாயில் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். நினைவு இல்லை என்றாலும் சும்மா இருந்துவிடாதீர்கள், இல்லை என்றே எழுதுங்கள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு பெயரைக் கற்பனை செய்துவிட மட்டும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் மாதா நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். பதிலை எனக்குப் போட வேண்டாம். உறைமேல் செல்வி ஆனந்தமேரி என்று அவள் பெயரையே எழுதுங்கள். வந்ததும் அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவளாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
ஸ்டெல்லா