தண்ணீர் கேட்காமல் வாருங்கள்

வெள்ளித்திரை நாயகர் அவர்களுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வார்டர் முதல் சமையல்காரர் வரை உங்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கிறார்கள் என்று நீங்களே நாலு பக்கத்துக்கு அளந்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் விடுதலை என்பதை மட்டும் கடைசியில், ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள்.

படம் பார்த்தாயா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஜெயிலுக்கே வந்து உங்கள் கதையைக் கேட்டுப் போன அந்த டைரக்டர் காதிலும் நன்றாகத்தான் பூ சுற்றியிருக்கிறீர்கள். உங்களாக நடிக்கிறவன் ராஜா மாதிரி இருக்கிறான். வழுக்கை இல்லை, குறட்டை இல்லை. அவன் சிரித்தால் போதும், பாங்க் மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். நானும் வருகிறேன். மலை உச்சியில், பறக்கிற சேலையில் ஒரு பாட்டுக்கு ஆடுகிறேன். நீங்கள் எவனையோ ஏமாற்றிவிட்டு வந்து சொன்னதும், போடா திருடா என்று கன்னத்தைக் கிள்ளுகிறேன். அட கண்றாவியே! அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்று ஞாபகமாவது இருக்கிறதா? லாண்டரியில், இஸ்திரிப் பெட்டியோடு.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சிரிப்புக்கு ஒருவரும் மயங்கவில்லை. சட்டைக்குத்தான் மயங்கினார்கள். ஐயா ஆபீசுக்குப் போகிறார் என்று நம்பி, காலருக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு கலையாமல் நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை அது. அதைக் கழற்றிவிட்டு நின்றால், பஸ்ஸில் உங்களை ஒருவரும் பக்கத்தில்கூட உட்கார விட மாட்டார்கள்.

அடுத்த தெருத் தையற்காரரையும் படத்தில் விட்டுவைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீருடை தைக்கிற ஆர்டர் வாங்கித் தருகிறேன், மிஷினைக் காட்ட வேண்டும் என்று சொல்லி, அவருடைய இரண்டு தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பி நீட்டினீர்களே, அவர்தான். படத்தில் அவர் தொந்தி பெருத்த நகைக்கடைக்காரர், பேராசைக்காரர். ஏமாந்துபோய் நடுரோட்டில் உட்கார்ந்து அவர் அழும்போது தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு எங்கே ஐயா தொந்தி? பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கட்டுகிற மனுஷர். இப்போது இன்னொருவர் கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, நான் லாண்டரிக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன். தூ, இதெல்லாம் ஒரு சாமர்த்தியமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் கரைக்கு வந்துவிட்டது, லீவில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உள்ளே போன நாளிலிருந்து அந்தக் கப்பலை ஓட்டுவது நான்தான். மகன் கப்பலில் வேலை பார்ப்பதாக நம்பி அத்தை கேட்கும்போதெல்லாம் புயல் என்பேன், சிக்னல் கிடைக்கவில்லை என்பேன். கடலையே பார்க்காத என்னை மாலுமியாக்கிவிட்டீர்கள். போதும், என்னால் ஆகாது.

ஏன் என்றால், அந்தப் படத்துக்கு அத்தையும் வந்தார்கள். லாண்டரி முதலாளியம்மா இரண்டு டிக்கெட் கொடுத்து, சிரிப்புப் படம், மாமியாரையும் கூட்டிப் போ என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே! தியேட்டரில் உங்கள் அம்மா சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நடுவில் என் காதோரம் குனிந்து, "இவனப் பெத்தவ எவளோ, பாவம்டி" என்றார்கள்.

அப்புறம்தான் நகைக்கடைக் காட்சி வந்தது. உங்கள் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறப்பதற்கு முன் தண்ணீர் கேட்கிறான். டம்ளரை அண்ணாந்து மடமடவென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் பொய்யை அவிழ்த்து விடுகிறான். இதையுமா பெருமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட காலத்திலிருந்து இருக்கிற பழக்கம், பெற்றவளுக்குத் தெரியாதா? சிரித்துத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. படம் முடிகிறவரை விடவில்லை. அதற்கப்புறம் அவர்கள் சிரிக்கவும் இல்லை.

கப்பலைப் பற்றிய பேச்சே அன்றோடு நின்றுவிட்டது. நேற்று உங்கள் கடிதம் வந்ததும், வருகிறாராம் என்று மட்டும் சொன்னேன். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "வரட்டும். வந்ததும் தண்ணி குடுக்காத. கேட்டாலும் குடுக்காத. தொண்ட காய என் எதிர்ல உக்காந்து, இத்தன நாளா எங்க இருந்தேன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் நானே குடுக்கறேன்."

எனக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் காதில் போட்டுக்கொள்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் அவர்களுக்கு இப்போதெல்லாம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் சொன்னது நன்றாக இல்லை. அந்த மனுஷியை மட்டுமாவது ஏமாற்றாமல் அனுப்பி வையுங்கள்.

ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். கஞ்சி போடவில்லை, தேய்க்கவும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குடம் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் தண்ணீர் மாற்றி, தட்டு போட்டு மூடி வைக்கிறார்கள். என்னைக்கூடத் தொட விடுவதில்லை. சீக்கிரம் வந்து, சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

இப்படிக்கு,
மலை உச்சியில் ஆடாத மனைவி