கெபி முனையில் என் பின்னால் வந்தவர்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
18-11-1945, ஞாயிறு

அன்புள்ள மகன் இக்னேஷியஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை ஃப்ளோராவும் மாதாவின் கிருபையால் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் ஜாம்ஷெட்பூர் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் வியாழக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உன் அம்மா தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். மழை விட்டபாடில்லை, சமையலறை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை, அரிசியில் கல் பொறுக்கியே ஃப்ளோராவுக்குக் கண் வலி. அவளுக்கும் மரியதாஸுக்கும் கல்யாணம் என்று இன்று கோயில் பூசையில் இரண்டாம் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. வாசிப்பார்களா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

உன் கடிதம் புதனன்று வந்தது. விபத்தில் அப்பா தப்பித்தது ஆண்டவர் செயல் என்று எழுதியிருந்தாய், சரி. அந்த ஆள் கேஸில் நீங்கள் தலையிட வேண்டாம், ஸ்டேஷனில் சொன்னதோடு நிற்கட்டும், தங்கை கல்யாணம் முடிகிற வரை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, பொன்னுரங்கம். அடையாற்றங்கரைக் குடிசையில் இருக்கிறார், கொத்து வேலை, மாம்பலத்தில் ஒரு வீடு கட்டுகிற இடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தவர். நீ போன வருஷம் ஈஸ்டருக்கு எனக்கு ஒரு வட்டக் கண்ணாடி பார்சல் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் கைப்பிடியில் மாட்டுங்கள் அப்பா, வயதாகிறது, ரோட்டில் மிலிட்டரி லாரி அதிகம், பின்னால் வருவது தெரிய வேண்டும் என்று எழுதினாய். வயதாகிறது என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இந்த ரோட்டில் சைக்கிள் விடுகிறவனுக்கு நேற்றுப் பிறந்தவன் பாடம் நடத்துகிறான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அதை முகம் மழிக்க வைத்துக்கொண்டேன். உனக்கு என்ன பதில் எழுதினேன் என்பதும் ஞாபகம் இருக்கும். என் முதுகைப் பார்த்துக்கொள்ள ஆண்டவர் அனுப்பின காவல் சம்மனசு பின்னாலேயே வருகிறது, உன் கண்ணாடி எதற்கு என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தும் கொண்டேன்.

விபத்தைப் பற்றி முன்பு உனக்கு எழுதியது பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி. கச்சேரி ரோட்டில் வலது பக்கம் மாதா சொரூபம் வைத்த கெபி இருக்கிற முனை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்த இடத்தில் நான் வலது கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டு, கெபிப் பக்கம் தலையைத் திருப்பிக் குனிந்துவிட்டுப் போவேன். நம் ஊரில் சைக்கிள் விடுகிற வேதக்காரன் எவனும் அதைத்தான் செய்கிறான், நீயும் செய்திருக்கிறாய். ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் தலையைத் திருப்பினால் சைக்கிள் அந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையிலும் அப்படித்தான் குனிந்தேன். பின்னால் மணி அடித்தது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். கேட்டது, மகனே, நன்றாகவே கேட்டது. கும்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் மணி அடிக்கிற மரியாதை கெட்டவன் யார் என்று நினைத்தேனே தவிரத் திரும்பவில்லை, கையையும் இறக்கவில்லை. நடு ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். என்னைத் தாண்ட வந்த பொன்னுரங்கம் என் மேல் மோதாமல் இருக்க இன்னும் வலப்பக்கம் ஒடித்தார். எதிரே கரி வாயுவில் ஓடுகிற பஸ். ஈர ரோட்டில் சைக்கிள் சறுக்கி விழுந்தார், பஸ்ஸின் பின் சக்கரம் அவருடைய வலது கை மேல் ஏறியது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். கொத்துக் கரண்டி பிடிக்கிற கை.

ஸ்டேஷனில் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஏட்டின் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர் எழுத ஆரம்பிக்கும் முன்பே, சார், நீங்க நேராத்தானே போய்க்கினு இருந்தீங்க என்றார். என் வாயில் பதிலை வைத்தே கேள்வி கேட்டார். நான் ஆமாம் என்றேன். பயந்துபோய்ச் சொன்னேன் என்று வேண்டுமானால் நீ நினைத்துக்கொள், நான் அப்படி நினைத்துத்தான் ஒரு மாதம் சோறு தின்றேன். கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகானது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான், கண்மண் தெரியாமல் சைக்கிள் விட்டார் என்று பொன்னுரங்கத்தின் மேலேயே கேஸ் எழுதினார்கள். கை போனது அவருக்கு, குற்றமும் அவருக்கு. இதற்கிடையில் கோயில் பங்கு சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்து, மாதா உங்களைக் கையில் ஏந்திக் காப்பாற்றினாள், நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்று தேதி குறித்தார்கள். உன் அம்மா வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். மாதா ஏந்தாத ஒருத்தர் அங்கே விழுந்து கிடந்ததைப் பற்றி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை கோர்ட். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் போனேன். கிளம்பும்போது உன் அம்மா வாசலை மறித்து நின்று, உங்க வாய்க்கு ஒரு பத்து நாள் பூட்டு போட முடியாதா, பொய் சொன்ன வாத்தியார் வீட்டுப் பெண் என்று மரியதாஸ் வீட்டில் நினைக்க மாட்டார்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். சாட்சிக் கூண்டில் ஏறி, நான்தான் குறுக்கே வந்தேன் என்று சொல்ல வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொன்னுரங்கம் பேரைக் கூப்பிட்டார்கள். துணி சுற்றின கையை மார்போடு அணைத்துக்கொண்டு போய் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். தப்பு என்னுதுதான் சாமி என்றார். அபராதம் விதித்து அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு செபம் சொல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. நான் எழுந்து நின்றேன், சேவகன் உட்காருங்க சார் என்று கையைக் காட்டினான், நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை எழுந்து நில், உட்கார் என்று சொன்னவன் நான்.

வெளியே மரத்தடியில் அவரும் அவர் மனைவி முனியம்மாளும் நின்றிருந்தார்கள். ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஒத்துக்கினா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னாங்க சார், இல்லன்னா வாய்தா வாய்தான்னு அலையணும், அலையறதுக்கு யார் இருக்காங்க என்றார். நான் யார் என்று தெரிகிறதா, உங்களுக்குக் குறுக்கே வந்தவன் நான்தான் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தெரியும் சார், ரெண்டு வருசமா தெனமும் உங்க பின்னாலதான் வர்றேன், மாதா கோயிலாண்ட வந்தா நீங்க கைய எடுத்துக் கும்பிடுவீங்க, சைக்கிளு நடுவால வந்துடும், அதுக்கோசரம் அந்த எடத்துல நான் அடக்கிக்கினு உங்க பின்னாலயே வருவேன், லாரி எதுனா வந்தா கைய காட்டுவேன், அவனுங்க ஒதுங்கிப் போவானுங்க, அன்னிக்கி மேஸ்திரி சீக்கிரம் வரச் சொல்லிட்டாரு, தாண்டிடலாம்னு பாத்தேன், ரெண்டு வாட்டி மணி அடிச்சேன், உங்க காதுல வுழல போல கீது என்றார். தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கை அவரே என் கையில் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். காதில் விழுந்தது என்றேன். ஒரு தபா திரும்பிப் பாத்திருக்கலாமே சார் என்றார், அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அபராதத்தை நான் கட்டுகிறேன் என்று பையில் கையை விட்டேன். முனியம்மாள் விடவில்லை. வேணாம் வாத்தியாரே, போன கைக்கு நீங்க இன்னாத்த கட்டுவீங்க என்றாள்.

இரண்டு வருஷம், இக்னேஷியஸ். அந்த முனையில் லாரிக்காரர்களுக்குக் கை காட்டிக்கொண்டு ஒரு மனிதர் என் பின்னால் வந்திருக்கிறார். அந்த முகத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தது அவர் ரோட்டில் கிடக்கும்போது.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஏட்டு படித்துவிட்டு, கேஸே முடிஞ்சி போச்சி சார், இத நான் எங்க வெக்கறது என்று மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போய் நன்றிப் பூசை வேண்டாம் என்றேன். மனதில் இருப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் என் காதில் சொல்லுங்கள், வெளியில் எதற்கு என்று நல்ல விதமாகத்தான் சொன்னார். அங்கே இருட்டில் முழந்தாளிட்டுச் சொல்வது எனக்கு ரொம்ப சுலபம். அதனால் இன்று பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் குடை விரித்துக்கொண்டு நின்றபோது, ஸ்டேஷனில் நான் சொன்னது பொய், பொன்னுரங்கத்தின் கை போனது என்னால்தான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மரியதாஸின் அப்பா குடையை மடக்கி மறுபடி விரித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வந்துவிட்டாள். ஃப்ளோரா மட்டும் என்னோடு நடந்தாள். அவள் அழவில்லை. எனக்கு மனசு லேசானது என்று நினைக்காதே. சொல்லிவிட்டதால் அவருக்குக் கை முளைக்கவில்லை. நீ சொன்னபடி கேட்காததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. பின்னால் பார்க்கச் சொல்லிக் கண்ணாடி அனுப்பின பிள்ளை, பார்க்காதே என்று எப்படி எழுதினாய் என்று மட்டும் உன்னைக் கேட்கிறேன்.

சேசுவின் திரு இருதயம் உன்னைக் காக்கட்டும், சம்பாத்தியமும் உடம்பும் குறையாமல் இரு, அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, என்னைத் திட்டியாவது எழுது, அவளுக்கு ஆறுதலாக இருக்கும். மறக்காமல் ஒன்று. நீ அங்கே வேலைக்குச் சைக்கிளில் போகும்போது மணிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார், கேட்காவிட்டாலும் பார், தினமும் பின்னால் வருகிறவர் முகமாவது தெரிந்திருக்கட்டும். உன் கண்ணாடியை வியாழன் சாயங்காலமே நூர் முஹம்மது சைக்கிள் கடையில் கொடுத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டேன். மறுநாள் காலை கெபி முனையில் கையை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல கண்ணாடி, சாந்தோம் வரைக்கும் ரோடு முழுக்கத் தெரிகிறது. பின்னால் யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜநாயகம்