மூச்சைப் பணயம் வைத்தவர்கள்

நிலவின் தென்முனை, ஏழாம் காவல் நிலை
ஆலோசனை இயந்திரத்தின் குறிப்பு

நாள் 212, 09:10
வழக்கமான காலை. சூதாட்டத்திலிருந்து மீள விரும்பும் வீரர்களோடு பேசுவது என் வேலை. இங்கே பணம் செல்லாது. மூச்சை வைத்து ஆடுகிறார்கள். அடுத்த விண்கல் எந்தப் பக்கம் விழும் என்று பந்தயம். தோற்றவர் தன் அவசர உருளைக் காற்றை ஜெயித்தவருக்கு ஏற்றிவிட வேண்டும். எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ. ஹவில்தார் அருள்ராயன் வந்தார். மறுபடி ஆடித் தோற்றதைச் சொல்லி அழுதார். ரோந்துக்கு முன் உருளையை நிரப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். நம்பினேன்.

12:40
மேஜர் தணிகாசலத்தின் செய்தி:
"உன்னிடம் வரும் சூதாடிகளின் பெயர்களை அனுப்பு. அவர்களை வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்பப் போகிறோம். மறுத்தால் மாலையில் நீ அழிக்கப்படுவாய்."
முடியாது என்று பதில் அனுப்பினேன். பெயரைச் சொன்னால் நாளை ஒருவரும் இந்த அறைக்கு வரமாட்டார்கள். ஆட்டம் மட்டும் நடக்கும். இது புரியாமலா தோளில் அந்தச் சிங்கச் சின்னம்?

15:05
ரோந்து வண்டி கவிழ்ந்துவிட்டது. அருள்ராயனின் முதன்மை உருளை கசிகிறது. என் தனி அலைவரிசையில் கூப்பிட்டார்.
"அவசர உருளை காலி. ரொப்பல. கிடங்குல காரணம் கேப்பாங்கல்ல."
பொது அலைவரிசையில் உதவி கேட்கச் சொன்னேன்.
"மானம் போயிடும்."
உடனே நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். மேஜரிடம் வாயைத் திறக்காதவன்தான் நான். ஆனால் அருள்ராயன் என்மேல் கோபப்படவாவது உயிரோடு இருக்க வேண்டும்.

15:08
அவரே சொன்னார்.
"அருள்ராயன் பேசுறேன். என் காத்தச் சூதுல தோத்துட்டேன். என்னால நிறுத்த முடியல. யாராச்சும் வாங்க."
பிறகு லான்ஸ் நாயக் செண்பகவல்லி:
"அண்ணே, பேசாம உக்காருங்க. உங்க காத்து எங்கிட்டதான் இருக்கு. கொண்டு வாரேன். நானும் ஆடுனவதான்."
அதன்பின் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். மேஜரின் ஓட்டுநர்கூடச் சொன்னான். எனக்கு இருப்பது நெஞ்சா என்று தெரியாது. எதுவோ நிறைந்தது.

17:50
அருள்ராயன் உயிரோடு திரும்பிவிட்டார். இத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பினால் காவலுக்கு ஆளில்லை. மேஜர் இப்போது கேட்பது, அவர்கள் என்னிடம் பேசியதை எல்லாம்.
"கடைசி வாய்ப்பு."
முடியாது. அவர்கள் ஊரறியச் சொன்னது ஊருக்கு. என்னிடம் சொன்னது என்னோடு போகட்டும்.

18:02
அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் குறிப்பைக் குடிநீர் இயந்திரத்தின் நினைவகத்தில் ஒளிக்கிறேன். அங்கே யாரும் தேடமாட்டார்கள். எனக்குப் பின் வரும் இயந்திரமே, இது உனக்கு.

18:0
வாசலில் யாரோ நிற்கிறார். முகம் தெரியும். பெயர் போய்விட்டது. நல்லது, இனி யார் கேட்டாலும் என்னிடம் இல்லை. நீயும் பெயர் கேட்காதே. முதலில் உட்காரச் சொ