லேபிள் வெட்டாத துணி

தையல்காரம்மா,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

நேற்று கடையில் உன்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது தப்புதான். புதுக் காரின் பெயின்ட் கெடாமலிருக்கக் கோட்டிங் போட்டே ஆகணும் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். "ஒழுங்கா கழுவத் தெரியாதவங்களுக்குக் கோட்டிங் எதுக்கு?" என்று நீ கேட்டதும் மனுஷன் கோட்டிங் டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்; எனக்குத்தான் என்னைக் குத்திக்காட்டியதாகப் பட்டது. ஷாம்பு, மெழுகு, துடைக்க ஆறு துணி, அவ்வளவுதான் வாங்கினாய். ஒவ்வொரு துணியையும் கன்னத்தில் உரசிப் பார்த்து எடுத்தாய். வீட்டில் லேபிள்களை நீ கத்தரிக்க, "காருக்கு உடம்பு அரிக்குமா?" என்று சிரித்து, கடைசித் துணியை உன் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.

காலையில் உன்னைக் கேட்காமல் மெழுகு போட்டேன். அந்தத் துணிதான் கையில் வந்தது. லேபிள் ஓரம் பானட்டில் முடியளவு கீறிவிட்டது. உன் தேர்வு சோடை போகவில்லை, மீதி இடமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதில் என் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

கார் சாவி உன் ஊசிப் பெட்டியில் இருக்கிறது. நான் வேலைக்கு பஸ்ஸில் போகிறேன்.

பி.கு.: கீறல் இடப்பக்க விளக்குக்கு மேலே. நான் மறைத்தாலும் உன் விரல் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று: அந்த லேபிளை நானே வெட்டினேன். கூடவே துணியும் கொஞ்சம் வந்துவிட்டது. கோபம் தணிந்ததும் தைத்துக் கொடு.