கொக்குத் தட்டு

அரிதா
ஜனவரி 9, 1958, இரவு

அன்புள்ள கினுயோ அக்காவுக்கு,

நலமா? ஒசாகாவில், உன் நூல் ஆலையில், குளிர் எப்படி? நீ பின்னி அனுப்பிய கையுறையோடுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மெத்தைகளை மடித்து வைக்கும் அலமாரிக்குள் டார்ச் லைட்டோடு ஒளிந்திருக்கிறேன். பெரியம்மாவின் காது உனக்குத் தெரியும்.

அக்கா, நான் அந்தக் கொக்குத் தட்டை உடைத்துவிட்டேனாம்.

இருநூறு வருஷத்துக் கைவேலை என்று பெரியப்பா இந்தப் புத்தாண்டுக்கும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார், அந்த நீலமும் சிவப்பும் பொன்னும் இவரே தீட்டின மாதிரி. புக்குவோகா விருந்தாளி ஒருவர் கொக்குகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். பீங்கானுக்குப் பேர்போன இந்த அரிதாவில் ஆறு வயதுப் பிள்ளைகூடத் தட்டைத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்க்கும். அவரும் கடைசியில் திருப்பக் கை நீட்டினார். உடனே பெரியப்பா, "கை படக்கூடாதுங்க, தங்கப்பூச்சு" என்று பதறினார். குளிக்கிற வெந்நீரையே அளந்து கொடுக்கிறவருக்குத் தங்கம் வேறு!

ஏழாம் தேதி பெரியம்மா என்னை அழைத்து அதைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். முதல் முறையாக என்னைத் தொடவிட்டார். எங்கும் இடிக்காமல்தான் வைத்தேன். அவர் நகத்தால் சுண்டினார். நல்ல பீங்கான் 'ணிங்' என்று பாடுமே, இது 'டொக்' என்றது.

"காலையில மணி மாதிரி பாடிச்சேடி! என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலை பெரியம்மா."

"அப்ப கொக்கே பறந்து போய் முட்டிக்கிச்சா? அப்பன் ஆத்தா இல்லாத கழுதைக்குச் சோறு போட்டேன் பாரு! இதுல உனக்கு ஹைஸ்கூலு! பாவத்தைக் கழுவுற வரைக்கும் இங்கேயே கிடந்து பாத்திரத்தைக் கழுவு."

பிப்ரவரி ஐந்துக்குள் ஹைஸ்கூல் விண்ணப்பத்தில், பெரியவர்களின் சம்மதத்துக்கு அடையாளமாக, வீட்டு முத்திரை விழ வேண்டும். அது பெரியம்மாவின் மேசைக்குள் இருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. நான்தான் உடைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதிலை என் தோழி ஹருயே வீட்டுக்கு அனுப்பு.

உன் தங்கை,
சுமியே

*

ஒசாகா
ஜனவரி 17, 1958

என் கண்ணான சுமியேவுக்கு,

அழாதே. நீ உடைக்கவில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் அந்த அம்மாள் இதையேதான் செய்தாள். அதே பெட்டி, அதே 'டொக்'. நானும் நம்பி, நான்கு வருஷம் தலை குனிந்து அந்த வீட்டைப் பெருக்கினேன். தட்டைத் திருப்பி, அடியில் இருக்கும் விரிசலைப் பார். புது விரிசல் வெள்ளையாக இருக்கும். பழையதில் அழுக்கு இறங்கிப் பழுப்பாகியிருக்கும். ஊரை விட்டு வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நான் அதைப் பார்த்தேன்.

முத்திரை கிடைக்காவிட்டால் கவலைப்படாதே. இங்கே வா, ஆலையில் இடம் வாங்கித் தருகிறேன். நன்றாகச் சாப்பிடு. கையுறை பத்திரம்.

ஆயிரம் அன்புடன்,
உன் அக்கா கினுயோ

*

அரிதா
பிப்ரவரி 3, 1958, இரவு

கினுயோ அவர்களுக்கு,

பார்த்தேன். பழைய தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு. இத்தனை நாள் இந்த அற்பங்களுக்கா நடுங்கினேன் என்று வெட்கமாக இருந்தது.

நேற்று பீங்கான் வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்கள் விருந்துக்கு வந்தார்கள். பெரியப்பாவுக்கு அங்கே தலைவராகும் ஆசை. "கொக்குப் பக்கம் மட்டும் தெரியற மாதிரித் தூக்கிட்டு வாடி" என்றார் பெரியம்மா. வரவேற்பறைக் கதவுக்கு வெளியே, தட்டின் விளிம்பில் நகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பெரியம்மா, முத்திரை."

"என்னடி உளர்றே?"

"அடியில விரிசல் பழுப்பா இருக்கு. உள்ள போய் ஒரு சுண்டு சுண்டட்டுமா? அவங்க எல்லாருக்கும் காது நல்லா கேக்கும்."

உள்ளேயிருந்து பெரியப்பா, "என்ன அங்க தாமதம்?" என்று கத்தினார்.

"மெதுவாடி... போட்டுத் தொலைக்கிறேன்" என்று பெரியம்மா மேசைக்கு ஓடி முத்திரையை எடுத்து வந்தார். நான் நீட்டிய விண்ணப்பத்தில் அதைத் தலைகீழாகக் குத்தப் போனார், நான்தான் திருப்பிக் கொடுத்தேன். தட்டைச் சுண்டவில்லை. விருந்தாளிகள் கொக்குகளைப் பார்த்து 'ஆகா' என்றார்கள்.

விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். இனி இவர்களுக்குப் பயமில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. விரிசலைப் பார்த்த பிறகும் நீங்கள் ஒரு வாரம் இந்த வீட்டில் இருந்தீர்கள். இரவில் என் பக்கத்தில்தான் படுத்தீர்கள். எனக்குப் பதினொரு வயது. அடுத்து யார் கையில் அந்தத் தட்டு வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த மூன்று வருஷத்தில் பதினாறு கடிதம் போட்டீர்கள். குளிர், சாப்பாடு, கம்பளி நூலின் நிறம் எல்லாம் எழுதினீர்கள். இதற்கு மட்டும் ஒரு வரி இடம் இல்லை. பெரியம்மா பொய் சொல்லித்தான் ஏமாற்றினார். நீங்கள் அந்தச் சிரமம்கூடப் படவில்லை.

ஒசாகாவுக்கு நான் வரவில்லை. கையுறையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இடது கட்டைவிரலில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது நான் செய்தது. ஒப்புக்கொள்கிறேன்.

சுமியே